ஆடுகளத்தின் துணைவர்



நான் கல்லூரியில் படித்த நாளில் எங்கள் கால்பந்துக் குழுவில் ஒரு தோழன் இருந்தான். வலப்பக்க ஓரத்தில் ஆடுபவன். பந்தோடு அவன் ஓடத் தொடங்கினால், பார்க்க வந்தவர்கள் இருக்கையில் அமர்ந்திருக்க மாட்டார்கள். ஒரு மாலை ஆட்டத்தில், விரைந்து ஓடியவன் சட்டென்று திரும்பினான். முழங்காலைப் பற்றிக்கொண்டு விழுந்தான். உள்ளே ஏதோ அறுந்தாற்போல் ஓசை கேட்டது என்று சொன்னான். கூட்டத்திலிருந்து ஒருவர் ஓடிவந்து எண்ணெய் தடவி உருவிவிட்டார். மற்றொருவர் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். சிறிது நேரத்தில் வலி தணிந்தது. “வெறும் பிடிப்புத்தான், ஆடினால் சரியாகிவிடும்” என்றார்கள். நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்த வேளை அது. “எழுந்து வா” என்று அவனை அழைத்தவர்களுள் நானும் ஒருவன். அவன் வந்தான், மீண்டும் விழுந்தான். அதற்குப் பிறகு அவன் எந்த ஆட்டத்திலும் ஓடவில்லை.

அன்று எங்களுள் எவரும் தீயவர் அல்லர். எல்லாரும் அவனிடம் அன்புடையவர்களே. ஆனால், அந்த முழங்காலுக்கு என்ன நேர்ந்தது என்று அறிந்தவர் அங்கு எவரும் இல்லை. “இவன் இன்று ஆடக்கூடாது” என்று சொல்லும் உரிமை பெற்றவரும் எவரும் இல்லை. இந்த அறிவையும் உரிமையையும் ஒருங்கே ஒருவரிடம் ஒப்படைத்து, அதனை ஒரு தனித் தொழிலாகவே வளர்த்திருக்கிறது அமெரிக்க நாடு. அத்தொழிலைப் பற்றியும், அதற்கு வேண்டிய கல்வியைப் பற்றியும், அதிலுள்ள வாய்ப்புகளைப் பற்றியும் உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

அங்கே இத்தொழிலாளரை ‘அத்லெடிக் டிரெயினர்’ என்று அழைக்கிறார்கள். இப்பெயர் நம்மை ஏமாற்றக்கூடியது. ‘டிரெயினர்’ என்றவுடன் பயிற்சியாளர் என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். பயிற்சியாளர் என்றாலோ, எப்படி ஓடவேண்டும், எப்படிப் பந்தை உதைக்கவேண்டும் என்று கற்றுக்கொடுப்பவரே நம் நினைவுக்கு வருகிறார். அவர் வேறு, இவர் வேறு. உடற்பயிற்சிக்கூடத்தில் எடை தூக்கச் சொல்லித் தருபவரும் இவர் அல்லர். ஆடுவோருக்குக் காயம் நேராமல் காப்பதும், நேர்ந்தால் அந்த நொடியிலேயே அதனை அறிந்து உதவுவதும், பிறகு படிப்படியாக அவரை மீண்டும் ஆட்டத்துக்கு ஆயத்தப்படுத்துவதும் இவருடைய பணி. மருத்துவரின் வழிகாட்டுதலோடு இப்பணியைச் செய்கிறார். ஆகவே, இப்பேச்சில் இவரைக் ‘களத்துணைவர்’ என்றே குறிப்பிடுவேன்.

இப்பணியின் கருத்து மிகப் பழமையானது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்னும் புகழ்பெற்ற மருத்துவர், பெர்கமம் நகரத்து வாள்வீரர்களுக்கு மருத்துவராக இருந்தார். நம் நாட்டிலும் குமரி மாவட்டப் பகுதியில், அடிமுறை கற்பிக்கும் ஆசானே அடிபட்டவனுக்கு வர்ம வைத்தியமும் செய்வது வழக்கம். ஆயினும், இதனைக் கல்லூரியில் பயின்று, தேர்வெழுதி, உரிமம் பெற்றுச் செய்யும் தொழிலாக அமைத்தது 20ஆம் நூற்றாண்டு அமெரிக்கா. 1950-இல் கேன்சஸ் நகரில் கூடி இவர்கள் தேசியச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். 1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனை மருத்துவம் சார்ந்த தொழில்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. வாளியும் துண்டும் தூக்கிக்கொண்டு ஓடுபவர் என்று ஒரு காலத்தில் ஏளனம் செய்யப்பட்டவர், இவ்வாறு நாற்பது ஆண்டுகளில் மருத்துவக் குழுவில் ஒருவர் ஆனார்.

அவர் களத்தில் என்ன செய்கிறார் என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குகிறேன்.

முதலில் என் தோழனின் முழங்காலையே எடுத்துக்கொள்வோம். முழங்காலின் நடுவே குறுக்காகச் செல்லும் பிணைப்பு நார் ஒன்று உண்டு. கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவிவிடாமல் பிடித்து நிறுத்துவது அதுவே. ஓடுபவன் திடீரென்று திரும்பும்போது அது அறுந்துபோகலாம். களத்துணைவர், வீங்குவதற்கு முன்பே முழங்காலைச் சற்று மடக்கி, ஒரு கையால் தொடையைப் பற்றி, மறு கையால் கீழ்க்காலை மெல்ல முன்னிழுத்துப் பார்ப்பார். நார் நன்றாக இருந்தால் ஓர் இடத்தில் ‘டக்’கென்று நிற்கும், அறுந்திருந்தால் நில்லாமல் நழுவும். மற்றக் காலையும் அவ்வாறே சோதித்து ஒப்பிடுவார். ஒரு நிமிடத்தில் முடியும் இச்சோதனை, அன்று எங்கள் களத்தில் ஒருவருக்கும் தெரியாது. அறுந்த நாரோடு மீண்டும் ஓடினால், முழங்காலுள் மெத்தைபோல் அமைந்த குருத்தெலும்பும் கிழிந்துவிடக்கூடும் என்பதும் தெரியாது.

அடுத்து, கணுக்கால் பிசகல். ஆடுவோரிடம் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இது வெறும் பிசகலா, எலும்பு முறிவா? ஒவ்வொருவரையும் எக்ஸ்ரே எடுக்க அனுப்புவது வீண்செலவு. ஒருவரையும் அனுப்பாதிருப்பது பேதைமை. 1992-இல் கனடா நாட்டின் ஆட்டாவா நகர மருத்துவர்கள் இதற்கு எளிய விதிகளை வகுத்து வெளியிட்டார்கள். கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறதா? நான்கு அடி நடக்க முடியவில்லையா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். பாதத்தின் நடுப்பகுதிக்கும் இவ்வாறே விதிகள் உண்டு. களத்துணைவர் கற்கும் கல்வி இத்தகையது. கையும் கண்ணும் முறைப்படி வேலை செய்யப் பழக்குவது அது.

மூன்றாவது, வெப்பம். கொளுத்தும் வெயிலில் கடுமையாக ஓடுபவனின் உடல்வெப்பம் 40 பாகை செல்சியசுக்கு மேல் ஏறி, அவன் நிலைதடுமாறிப் பிதற்றத் தொடங்கினால், அது உயிரைப் பறிக்கும் வெப்பத்தாக்கு. 2001-இல் கோரி ஸ்டிரிங்கர் என்னும் புகழ்பெற்ற அமெரிக்க வீரர் பயிற்சியின்போது இதனால் தாக்கப்பட்டு மாண்டார். இதற்கான மருத்துவம் வியக்கத்தக்க எளிமையுடையது. பனிக்கட்டி இட்ட தண்ணீர்த் தொட்டியில் அவனைக் கழுத்தளவு அமிழ்த்தி, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கவேண்டும். அரைமணி நேரத்துக்குள் வெப்பத்தைத் தணித்துவிட்டால் பெரும்பாலும் உயிர் தப்பும். ‘முதலில் குளிரச் செய்; பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்’ என்பது அவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ளும் விதி. ஆம்புலன்சை எதிர்பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் நேரமே ஆபத்தான நேரம். சித்திரை வெயிலில் பந்தயம் நடத்தும் நாம் இதனைக் கருதிப் பார்க்கவேண்டும்.

நான்காவது, நின்றுபோகும் இதயம். 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டி நகரில் ஓர் ஆட்டம் நடந்தது. அவர்கள் கால்பந்து என்று சொல்வது, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் முரட்டு ஆட்டம். பஃபலோ பில்ஸ் குழுவின் டமார் ஹாம்லின் எதிர்க்குழு வீரரைத் தடுத்து வீழ்த்தினார்; எழுந்தார்; ஓரிரு அடி வைத்து மல்லாந்து விழுந்தார். நெஞ்சில் பட்ட அடியால் அவருடைய இதயம் நின்றுவிட்டது. அக்குழுவின் களத்துணைவருள் ஒருவரான டென்னி கெலிங்டன் உடனே அவருடைய நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்கத் தொடங்கினார். மருத்துவக் குழுவினர் மின்னதிர்ச்சிக் கருவியைப் பயன்படுத்தினர். ஹாம்லின் பிழைத்தார், அதே ஆண்டிலேயே மீண்டும் களத்தில் இறங்கி ஆடினார்.

இதனைப் பலர் அற்புதம் என்றார்கள். அற்புதத்துக்குப் பின்னால் ஒரு பட்டியல் இருந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு களத்துணைவர்கள் சில வினாக்களுக்கு விடை எழுதி வைத்துக்கொள்கிறார்கள். மின்னதிர்ச்சிக் கருவி எங்கே இருக்கிறது? ஆம்புலன்சை அழைப்பவர் யார்? அது எந்த வாயில் வழியாக உள்ளே வரும்? அந்த வாயிலின் சாவி யாரிடம் இருக்கிறது? நம் ஊர் விளையாட்டுத் திடல்களை நினைத்துக்கொண்டு கடைசி வினாவை ஒருமுறை உங்களுக்குள்ளே கேட்டுப்பாருங்கள்.

இவை யாவும் இடர் வந்த பிறகு செய்பவை. வருமுன் காப்பதும் இவர் கடமையே. பன்னாட்டுக் கால்பந்துக் கழகமாகிய பீஃபா வகுத்த ‘11+’ என்னும் இருபது நிமிட ஆயத்தப் பயிற்சி இதற்கு நல்ல சான்று. குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சாயாமல் இறங்கவும், தொடையின் பின்தசைகளை வலுப்படுத்தவும் அது பழக்குகிறது. அதனை வாரம் இருமுறையேனும் தவறாமல் செய்த குழுக்களில், காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்ததை ஆய்வுகள் காட்டின. இதற்குப் பணச்செலவு ஒன்றுமில்லை.

இனி, கல்விக்கு வருவோம்.

முன்பெல்லாம் அமெரிக்காவில் நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்றால் இத்தொழிலில் சேரலாம். இப்போது முதுநிலைப் பட்டம் வேண்டும். 2022-க்குப் பின் இளநிலை அளவில் இத்தொழிற்கல்விக்குப் புதிய மாணவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். முதலில் உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறு, உடலியல் ஆகியவற்றை உள்ளடக்கிய ஓர் இளநிலைப் பட்டம். பிறகு ஏறத்தாழ இரண்டாண்டு முதுநிலைக் கல்வி. அதில் காயங்களைக் கண்டறிதல், நெருக்கடி மருத்துவம், மீட்புப் பயிற்சி, மருந்தியல், ஊட்டவியல், மனநலம் முதலியன கற்பிக்கப்படுகின்றன. வகுப்பறையோடு கல்வி முடிவதில்லை. பள்ளித் திடலிலும் கல்லூரித் திடலிலும் மருத்துவ நிலையத்திலும் தேர்ந்தவரின் மேற்பார்வையில் மாணவர் பணிசெய்யவேண்டும். தொடர்ந்து நான்கு வாரமேனும் முழுநேரமும் அப்பணியிலேயே மூழ்கியிருக்கவேண்டும் என்பது விதி.

அங்கீகாரம் பெற்ற கல்வியை முடித்தவர் நாடு தழுவிய சான்றிதழ்த் தேர்வை எழுதுகிறார். தேறியபின், தாம் பணிபுரியும் மாநிலத்தின் விதிப்படி உரிமம் பெறவேண்டும். ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் இவ்வாறு விதி உண்டு. அதற்குப் பிறகும் படிப்பு நிற்பதில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை, குறித்த அளவு புதிய கல்வி பெற்றதற்குச் சான்று காட்டினால்தான் தகுதி நீடிக்கும். நேற்றைய முறை இன்று பிழையாகலாம் என்பதை அறிந்த தொழில் இது.

வேலைவாய்ப்பு எவ்வாறு? பள்ளிகள், கல்லூரிகள், தொழில்முறைக் குழுக்கள், மருத்துவமனைகள் ஆகியவை இவர்களை அமர்த்துகின்றன. அவற்றோடு இராணுவமும், நாட்டியக் குழுக்களும், தொழிற்சாலைகளும்கூட அமர்த்துகின்றன. பெட்டி தூக்கும் தொழிலாளியின் முதுகும் ஓட்டக்காரனின் தொடையும் ஒரே உடலியலுக்கு உட்பட்டவைதாமே! அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்குப்படி, 2023 மே மாதத்தில் இவர்களுடைய நடுநிலை ஆண்டு ஊதியம் 58,000 டாலர் அளவில் இருந்தது. எல்லாத் தொழில்களுக்குமான நடுநிலை ஊதியம் அப்போது 48,000 டாலர் அளவில் இருந்தது. 2023 முதல் 2033 வரையிலான பத்தாண்டில் இத்தொழிலில் வேலைகள் நூற்றுக்கு 13 வீதம் பெருகும் என்றும் அத்துறை மதிப்பிட்டது. இது மொத்தத் தொழில்களின் வளர்ச்சியினும் மிக விரைவானது.

ஆனால், நல்லதை மட்டும் சொல்லி உங்களை அழைப்பது நேர்மையாகாது. மாலையும் விடுமுறை நாளுமே ஆட்டம் நடக்கும் நேரம். ஆகவே, பிறர் ஓய்ந்திருக்கும் வேளையே இவருக்கு வேலைவேளை. குழுவோடு ஊர் ஊராகச் செல்லவேண்டும். முதுநிலைப் பட்டம் பெறச் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் தொடக்க ஊதியம் குறைவு என்னும் குறையும் உண்டு. அங்கே இயன்முறை மருத்துவர் இவரினும் மிகுதியாகப் பொருளீட்டுகிறார். களத்துணைவர் வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டபோதிலும், அமர்த்தப் பணமில்லை என்று பல பள்ளிகள் சொல்கின்றன. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் களத்துணைவரின் உதவியே கிடைப்பதில்லை என்று 2019-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. தேவை வேறு, வேலை வேறு என்பதை மாணவர் உணர்ந்துகொள்ளவேண்டும்.

இத்தொழிலின் உயிர்நிலை எது என்று கேட்டால், “வேண்டாம்” என்று சொல்லும் துணிவு என்பேன். 2006-இல் வாஷிங்டன் மாநிலத்தில் சக்கரி லிஸ்டெட் என்னும் 13 வயதுச் சிறுவன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டான். சிறிது நேரத்தில் மீண்டும் ஆட வந்தான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளையில் குருதி கசிந்திருந்தது. உயிர் பிழைத்தான், ஆனால், பேசவும் நடக்கவும் புதிதாகக் கற்கவேண்டியவன் ஆனான். 2009-இல் அம்மாநிலம் அவன் பெயரால் ஒரு சட்டம் இயற்றியது. மூளை அதிர்ச்சி என்ற ஐயம் எழுந்தாலே ஆடுபவனை வெளியேற்றவேண்டும். தகுதிபெற்ற மருத்துவத் தொழிலர் எழுத்தால் ஒப்புதல் தந்தபின்னரே அவன் திரும்ப வரலாம். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் தோன்றின. 2016-இல் பல்கலைக்கழக விளையாட்டின் ஐந்து பெருங் குழுமங்களும் மற்றொரு விதியை நடைமுறைப்படுத்தின. காயமுற்றவர் ஆடலாமா என்று முடிவு செய்யும் உரிமை மருத்துவருக்கும் களத்துணைவருக்குமே உண்டு. பயிற்சியாளர் அதில் தலையிடல் ஆகாது என்பதே அது. வெற்றியை விரும்புவது பயிற்சியாளரின் இயல்பு, அதில் குற்றமில்லை. ஆகவேதான் வெற்றியால் கண் மறைக்கப்படாத மற்றொருவர் அருகில் இருக்கவேண்டியிருக்கிறது.

இனி, நம் நாட்டு மாணவர் இத்துறையில் செல்லும் வழி யாது? அமெரிக்காவில் உள்ளதுபோல் இப்பெயருடன் தனி உரிமம் பெற்ற தொழில் இந்தியாவில் அமையவில்லை. இங்கே இப்பணியின் பெரும்பகுதியைச் செய்பவர் இயன்முறை மருத்துவரே. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றவர் இயன்முறை மருத்துவ இளநிலைப் பட்டத்தில் சேரலாம். அப்படிப்பு நெடுங்காலம் நான்கரை ஆண்டாக இருந்துவந்தது. 2021-இல் நாடாளுமன்றம் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கெனத் தனி ஆணையம் அமைக்கச் சட்டம் இயற்றியபின் விதிகள் மாறிவருகின்றன. ஆகையால், சேரும் ஆண்டில் நடைமுறையில் உள்ள கால அளவையும் நுழைவு விதியையும் நேரில் விசாரித்துக்கொள்க. இளநிலைக்குப் பின், விளையாட்டு இயன்முறை மருத்துவத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு இரண்டாண்டு முதுநிலை பயிலலாம்.

ஆட்டத்தைக் கற்பிப்பதில் விருப்பமுடையவர்க்கு வேறு வழிகள் உள்ளன. சென்னை நந்தனத்தில், ஹாரி குரோ பக் என்பார் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. பயிற்சியாளர்களை உருவாக்க 1961-இல் பட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தோன்றியது. தமிழ்நாட்டில் உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் தனிப் பல்கலைக்கழகமே உண்டு. இவ்வழிகளுக்குரிய தகுதியும் பணியும் வேறு வேறானவை. சேர்வதற்கு முன்பே, ‘நான் கற்பிக்க விரும்புகிறேனா? காக்க விரும்புகிறேனா?’ என்று உங்களை நீங்களே வினவிக்கொள்ளுங்கள். அமெரிக்கா சென்று பயில விழைவோர், சேரும் கல்விக்கு அந்நாட்டு அங்கீகாரம் உண்டா என்பதை முதலில் பார்க்கவேண்டும். இங்குப் பெற்ற இயன்முறை மருத்துவப் பட்டம் மட்டும் அங்குச் சான்றிதழ்த் தேர்வெழுதப் போதாது.

இத்தொழிலுக்குச் செல்லாதவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. நின்ற இதயத்தை நெஞ்சை அழுத்தி இயக்கும் முதலுதவியை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். உங்கள் பள்ளித் திடலுக்கு ஆம்புலன்ஸ் வரும் வழியை இன்று மாலையே பார்த்து வைக்கலாம். தலையில் அடிபட்ட தோழனை அன்று ஆடவேண்டாம் என்று தடுக்கலாம். இவற்றுக்குப் பட்டம் வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய தோழனைச் சந்தித்தேன். படியேறும்போது இன்னும் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறான். அந்த மாலையைப் பற்றிப் பேச்சு வந்தது. “நீங்கள் அழைத்ததற்காக வருத்தமில்லை. நானே ஆட விரும்பினேன். என்னை உட்காரச் சொல்ல ஒருவரும் இல்லையே!” என்றான்.

இளைஞர்களே, உங்களுள் யாரேனும் ஒருவர் அவ்வாறு உட்காரச் சொல்லத் தக்கவராகக் கற்றுத் தேர்ந்தால், இந்தப் பேச்சு பயனுடையதாகும்.